மரத்தூளில் பலகை: கேள்வி பதில்

பாலக்கோடு மர மில்காரர்: அண்ணே, மா, வேம்பு, தைலமரம் எல்லாம் அறுக்கிறோம். ரம்பத்தூளை மட்டும் வைத்து பார்ட்டிகிள் போர்டு (பசை கலந்து சூட்டில் அழுத்திய பலகை) போட முடியுமா?

முடியும், ஆனால் வளைத்தால் பட்டென்று ஒடியும். தூள் வெறும் மணி. பலகைக்குப் பலம் தருவது நீளமான சீவல். இழைப்புச் சுருளை ஹேமர் மில்லில் (சுத்தியல் அடித்து நொறுக்கும் மெஷின்) உடைத்து நடு அடுக்குக்கு வையுங்கள். 1 மி.மீ. சல்லடையில் இறங்கும் தூள் மேலும் கீழும். எடையில் 20, 60, 20 என்று தொடங்கலாம். மாவு போன்ற பொடியை நீக்கிவிடுங்கள், அது பசையை உறிஞ்சிவிடும். பட்டை, மணல் வேண்டாம். ஆணிக்குக் காந்தம் கட்டாயம். ஒரே ஆணி ஹேமர் மில்லைக் கெடுத்துவிடும்.

ஓசூர் பர்னிச்சர் பட்டறை: 2 அடிக்கு 2 அடி, 12 மி.மீ. மாதிரிப் பலகைக்கு அளவு சொல்லுங்க சார்.

அடர்த்தி கன மீட்டருக்கு 650 கிலோ என்றால் பலகை 2.9 கிலோ வரும். 3% ஈரமுள்ள சீவல், தூள் சேர்த்து 2.5 கிலோ, 60% திடம் உள்ள யூரியா ஃபார்மால்டிஹைடு பசை 410 கிராம், பசை இறுக அம்மோனியம் குளோரைடு 2.5 கிராம், கொஞ்சம் தண்ணீரில் கரைத்து. சிந்துவதற்கு எல்லாவற்றிலும் பத்துக்கு ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். பசையை ஊற்றாதீர்கள், ஸ்ப்ரே அடியுங்கள். ஊற்றினால் உருண்டை கட்டும். 12 மி.மீ. இரும்புப் பட்டையைத் தடுப்பாக வைத்து 160 டிகிரி சூட்டுப் பிரஸ்ஸில் 4 நிமிடம் அழுத்துங்கள். பிரஸ்ஸின் சூடான தட்டில் தூள் பட்ட பிறகு அரை நிமிடத்துக்குள் பிரஸ் மூடிவிட வேண்டும். தாமதமானால் தட்டைத் தொடும் முகம் அழுத்தம் வருமுன்பே இறுகி, விரலால் சுரண்டினாலே உதிரும்.

காவேரிப்பட்டணம், மாம்பழப் பெட்டி செய்பவர்: தூள் வெயிலில் நன்றாகக் காய்ந்ததுதான். ஆனாலும் பிரஸ்ஸைத் திறந்தால் ‘டப்’ என்று நடுவில் பிளக்கிறது.

வெயிலில் காய்ந்த தூளிலும் 8% ஈரம் இருக்கலாம். பசைத் தண்ணீரும் சேர்ந்தால் 13 தாண்டும். உள்ளே நீராவி அடைபட்டு, அழுத்தம் போனதும் பலகையைக் கிழிக்கிறது. 100 கிராம் தூளை 103 டிகிரி ஓவனில், எடை மேலும் குறையாமல் நிற்கும் வரை வையுங்கள். 92 கிராமுக்கு வந்தால், போன 8 கிராமைக் காய்ந்த எடையால் வகுக்க 8/92, அதாவது 8.7% ஈரம். அதை 3க்குக் கொண்டுவாருங்கள். பசை சேர்ந்ததும் 9 அல்லது 10 ஆகும், அது போதும். கடைசி 40 வினாடி அழுத்தத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். பிளந்த இடத்தைத் தடவிப் பாருங்கள்: பிசுபிசுப்பாக இருந்தால் நேரம் போதவில்லை, வறண்டு உதிர்ந்தால் பசை குறைவு.

அதே நண்பர்: 20 டன் ஜாக்கி வைத்தே செய்துகொள்ளலாமா?

சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோவாவது வேண்டும். 20 டன்னுக்கு 28 செ.மீ. சதுரம்தான் கிடைக்கும். 2 அடிக்கு 2 அடி என்றால் 93 டன். 8 அடிக்கு 4 அடி என்றால் 744 டன்! இங்குள்ள மில்களுக்கு முழுப் பலகை பிரஸ் கட்டுபடியாகாது என்பது என் கருத்து. சீவலையும் தூளையும் கலக்காமல் பிரித்து, மழை படாமல் மூட்டை கட்டி போர்டு ஆலைக்கு விற்பதே நல்லது. கலந்து போட்டால் அடுப்பு விலைதான்.

அரூர், ஆசிரியர்: மரவள்ளி மாவுப் பசையில் செய்தால் யூரியா பசைபோல நச்சு இல்லையே?

இல்லைதான். ஆனால் தண்ணீர் பட்டால் ஊறி உப்பும், பூஞ்சை பிடிக்கும். காட்சிப் பொருளுக்கு ஆகும், அலமாரிக்கு ஆகாது. யூரியா பசையே ஈரத்துக்குத் தாங்காது, சமையலறை சிங்க் அடியில் அதைக்கூடப் போடக்கூடாது.

ஓசூர் பட்டறை: கண் எரிகிறதே?

ஃபார்மால்டிஹைடு. புற்றுநோய் உண்டாக்குவது என்று வகைப்படுத்தப்பட்டது, சும்மா விடாதீர்கள். இ1 தரப் பசை (ஃபார்மால்டிஹைடு குறைவாக வெளிவருவது) கேளுங்கள். அதில் செய்த பலகையில் ஃபார்மால்டிஹைடு 100 கிராமுக்கு 8 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். பிரஸ் மேலே எக்ஸாஸ்ட் வையுங்கள், பலகைகளுக்கு இடையே சட்டம் கொடுத்து அடுக்கி ஆறவிடுங்கள். பலகையைத் தேய்த்து வழவழப்பாக்கும் இடத்தில் வெல்டிங் வேண்டாம். காற்றில் மிதக்கும் மரப்பொடி தீப்பொறி பட்டால் வெடிக்கும்.