தங்கம் வாங்கினால்தான் திருதியையா?

கேள்வி: அட்சய திருதியைக்குக் குண்டுமணித் தங்கமாவது வாங்குவது நம் பண்பாடு என்கிறார் மாமியார். 'பெண்களை நகையைக் காட்டி அடிமையாக வைத்திருக்கும் ஏற்பாடு அது' என்கிறான் கல்லூரியில் படிக்கும் என் தம்பி. யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டுமே சரியில்லை, ஆனால் மாமியார் கட்சிதான் ரொம்ப பலவீனம். அந்த நாளுக்குச் சொல்லப்படும் கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். குசேலன் அவல் கொடுத்தது, பாஞ்சாலிக்கு அட்சய பாத்திரம் கிடைத்தது, சமணர்களின் ரிஷபதேவர் கரும்புச்சாறு வாங்கிக் குடித்து நீண்ட நோன்பை முடித்தது என்று பெரும்பாலும் சாப்பாட்டுக் கதைகள்தான், ஒன்றில்கூட நகைக்கடை இல்லை. சித்திரை வெயிலில் வருகிற நாள் என்பதால் தண்ணீர்க்குடம், தயிர்சாதம், விசிறி, குடை என்று தானம் கொடுப்பதுதான் பழைய வழக்கம். உங்கள் ஊரிலேயே அன்றைக்குப் பன்னிரண்டு பெருமாள்கள் கருட சேவையில் எழுந்தருள்கிறார்களே, அதைப் பார்க்கப் போகிறவர் கையில் பவுன் இருந்தாக வேண்டுமா என்ன! கொடுக்கிற நாளை வாங்குகிற நாளாக்கியது முழுப்பக்க விளம்பரங்கள்தான், பண்பாடு என்ற பெயர் அப்புறம் ஒட்டியது.

சரி, தம்பிக்கு வருவோம். அடிமைத்தனம் என்று ஒரே போடாகப் போடுவது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வீட்டுக் கணக்கைப் பார்த்தால் நிற்காது. தமிழ்நாட்டில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனோடு சம பங்கு என்று சட்டம் வந்தது 1989-ல், நாடு முழுவதற்கும் 2005-ல். அதுவரை நிலமும் வீடும் அண்ணன் தம்பிக்குப் போக, பெண்ணுக்கென்று கிடைத்தது கழுத்திலும் கையிலும் போட்டு அனுப்பிய நகைதான். பிள்ளையின் படிப்புக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் அடகுக்கடைக்குப் போவதும் அந்த வளையல்தான் (அதை மீட்டுத் தருகிறார்களா என்பது வேறு பஞ்சாயத்து). தம்பிக்குக் கோபம் வர வேண்டியது நிலத்தைத் தராதவர்கள் மேல். அக்காவுக்கு வர வேண்டிய பங்கை எழுதிக் கொடுப்பானா என்று கேட்டுப் பாருங்களேன்.

கேள்வி: அப்படியானால் இந்த வருடம் வாங்கலாமா, வேண்டாமா?
– அதே வாசகி

பதில்: பணம் இருந்தால் வாங்குங்கள், அன்றைக்கு மட்டும் வேண்டாம். சேதாரம் 10 சதவீதம் என்றால் 8 கிராம் பவுனுக்கு மேல் 800 மில்லிகிராம் தங்கத்தின் விலை கடையிலேயே கரைந்துவிடுகிறது, அதற்கு மேல் ஜிஎஸ்டி வேறு. திருதியைக் கூட்டத்தில் அதைக் குறைக்கச் சொல்லி நின்று பேச முடியாது. ஒரு வாரம் கழித்துப் போங்கள், உட்கார வைத்து மோர் கொடுத்துப் பேசுவார்கள்.