கடை ஜிஞ்சர் பியர் சுவையை வீட்டில் எடுப்பது எப்படி? கேள்வி பதில்

திருகோணமலையில் வெயில் ஏறினால் எல்லா வீட்டிலும் ஜிஞ்சர் பியர் பேச்சு வந்துவிடும். எலிபன்ட் ஹவுஸ் போத்தலில் வரும் சுவையை வீட்டில் கொண்டுவர முடியுமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். முடியும். வந்த கேள்விகளில் பொதுவானவற்றை எடுத்துப் பதில் சொல்கிறேன்.

உப்புவெளியிலிருந்து: அக்கா, ஈஸ்ட் போட்டுச் செய்து பார்த்தேன். நல்லாத்தான் இருந்தது, ஆனால் கடைச் சுவை கிட்டவும் வரவில்லை. எங்கே பிழை விட்டேன்?

உங்கள் கையில் பிழை இல்லை தங்கச்சி, எடுத்த வழிதான் வேறு. இன்று கம்பனிகள் விற்கும் ஜிஞ்சர் பியர் பெரும்பாலும் நொதிக்க வைத்துச் செய்வது அல்ல. இஞ்சி, சீனி, புளிப்பு சேர்ந்த ஒரு பாகு, அதனோடு வாயு ஏற்றிய தண்ணீர். அவ்வளவுதான். ஈஸ்ட் போட்டால் அது சீனியைத் தின்னும், கொஞ்சம் மது உண்டாகும், பாண் மா வாசம் ஒன்று வந்து சேரும். அதுவும் நல்ல பானம்தான், ஆனால் அது வேறு பானம். கடைச் சுவை வேண்டுமென்றால் கவனம் முழுவதையும் பாகில் வையுங்கள். வாயுவைச் சோடாப் போத்தல் பார்த்துக்கொள்ளும்.

5 லீற்றருக்கு அளவு சொல்கிறேன். 250 கிராம் இஞ்சியை மண் போகக் கழுவி, 200 மில்லி லீற்றர் தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் பிழிந்து சாற்றைத் தனியே வையுங்கள். சக்கையை வீச வேண்டாம். அதனோடு இடித்த சுக்கு 20 கிராம், தண்ணீர் 600 மில்லி சேர்த்து மூடி, சிறு தீயில் 20 நிமிடம் வைத்து வடியுங்கள். சூட்டோடு 450 கிராம் சீனியும் ஒன்றரைத் தேக்கரண்டி சிட்ரிக் அசிட்டும் கரையுங்கள். நன்றாக ஆறியபிறகுதான் பச்சைச் சாறு உள்ளே போக வேண்டும். மொத்தம் 1 லீற்றர் வரும். குறைந்தால் ஆறிய தண்ணீர் விட்டு நிரப்புங்கள். குடிக்கும்போது ஒரு பங்கு பாகுக்கு நாலு பங்கு சோடா. இரண்டும் பிரிட்ஜில் குளிர்ந்திருக்க வேண்டும். சோடா சூடாக இருந்தால் ஊற்றும்போதே வாயு பாதி போய்விடும். முதலில் பாகு, அப்புறம் சோடாவைக் குவளையின் ஓரத்தால் மெதுவாக. கரண்டியால் கலக்க வேண்டாம்.

தம்பலகாமத்திலிருந்து: விழுங்கினபிறகு தொண்டையில் எரியும் அந்தக் காரம் எனக்கு வரவே இல்லை. இஞ்சியை இரண்டு மடங்காக்கியும் பார்த்தேன்.

இந்தக் கேள்வியில்தான் முழு விஷயமும் இருக்கிறது. பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால் என்ற பொருளால் வருகிறது. இஞ்சி காயும்போதும் சூடு படும்போதும் அதில் ஒரு பகுதி நீரை இழந்து ஷோகோல் என்று மாறுகிறது. ஷோகோலின் காரம் ஜிஞ்சராலைவிட இரண்டு மடங்குக்கும் மேல். சுக்குக் கோப்பி குடித்தால் நெஞ்சுவரை இறங்கிச் சுடுவது அதனால்தான். ஆகவே பச்சை இஞ்சியை எவ்வளவு கூட்டினாலும் வாசம்தான் கூடும், நீங்கள் தேடும் எரிவு வராது. அதற்குச் சுக்குத்தான் வேண்டும்.

மறுபக்கம், எல்லாவற்றையும் போட்டு நீண்ட நேரம் கொதிக்க வைத்தாலும் சரிவராது. வாச எண்ணெய் ஆவியோடு போய்விடும். ஜிஞ்சராலில் இன்னொரு பகுதி ஜிஞ்சரோன் ஆகும். அது இனிப்பு வாசத்தோடு மெல்லிய காரம் மட்டும் தரும். அதனால்தான் நான் இஞ்சியை இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன். சக்கையும் சுக்கும் அடுப்புக்கு, எரிவுக்காக. சாறு கடைசியில், வாசத்துக்காக. இன்னும் காரம் வேண்டுவோர் சுக்கை 30 கிராம் ஆக்கலாம். சிலர் ஒரு செத்தல் மிளகாயும் போடுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. மிளகாய் நாக்கின் நுனியில் நின்றுவிடும், இஞ்சி தொண்டைக்குப் போகும்.

சீனி எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கையிலிருக்கும் போத்தலைத் திருப்பிப் பாருங்கள். இலங்கையில் 2016 ஆகஸ்ட் முதல் மென்பானங்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறியீடு இருக்க வேண்டும். 100 மில்லி லீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை என்றால் மஞ்சள், 2க்குக் குறைந்தால் பச்சை. கிராம் கணக்கும் அச்சிட்டிருப்பார்கள். 2017 நவம்பரில் சீனிக்கு வரி வந்தபிறகு பல பானங்களில் இனிப்புக் குறைந்தது. ஆகவே சின்ன வயதில் குடித்த சுவையை நினைத்துச் செய்கிறீர்களா, இன்றைய போத்தலை வைத்துச் செய்கிறீர்களா என்று முதலில் முடிவெடுங்கள். என் அளவு 100 மில்லிக்கு 9 கிராம். பழைய இனிப்பு வேண்டுமானால் 450 கிராமை 550க்கு மேல் கொண்டுபோங்கள். நான் 9லேயே நிற்பேன். இனிப்புக் கூடினால் இஞ்சி ஒளிந்துவிடும்.

கிண்ணியாவிலிருந்து: ஈஸ்ட் போட்டுச் செய்தால் மது உண்டாகுமா? நோன்பு திறக்கும்போது பிள்ளைகளுக்குக் கொடுக்க யோசித்தேன்.

உண்டாகும். கணக்கைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது. ஈஸ்ட் 1 கிராம் சீனியைத் தின்றால் ஏறத்தாழ அரைக் கிராம் வாயுவும் அரைக் கிராம் மதுவும் வரும். ஒன்றை விட்டு மற்றதை மட்டும் எடுக்க வழியில்லை. கடைச் சோடா அளவுக்கு வாயு ஏற லீற்றருக்கு 12 முதல் 16 கிராம் சீனி நொதிக்க வேண்டும். அப்போது மது 1 வீதத்துக்குக் கிட்ட வந்துவிடும். பாகும் சோடாவும் கலக்கும் முறையில் நொதித்தலே இல்லை. உங்கள் வீட்டுக்கு அதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம். பாகையும் வெளியில் நாள்கணக்காக வைக்காமல் பிரிட்ஜில் வையுங்கள், தானாகப் புளிக்கத் தொடங்காது.

மூதூரிலிருந்து: ஈஸ்ட் முறையில் செய்த கண்ணாடிப் போத்தல் இரவில் வெடித்துவிட்டது. மூடி இறுக்கமாக இருந்ததாலா?

யாருக்கும் காயம் இல்லாமல் தப்பியது பெரிய விஷயம் தம்பி. காரணம் மூடி இல்லை, சீனி. லீற்றருக்கு 4 கிராம் சீனி நொதித்தால் பானத்தின் கனவளவுக்குச் சமமான வாயு வரும். குளிர்பானத்தில் இருப்பது ஏறத்தாழ மூன்றரை நாலு மடங்கு. உங்கள் போத்தலில் லீற்றருக்கு 90 கிராம் இருந்தால், அது முழுவதும் நொதிக்க விட்டால் 22 மடங்கு. எந்தப் போத்தலும் தாங்காது. எங்கள் ஊர்ச் சூட்டில் ஈஸ்ட் மிக வேகமாக ஓடும். குளிர் நாட்டுச் செய்முறையில் இருக்கும் நாட்கணக்கை இங்கே நம்பக் கூடாது.

இனிமேல் கண்ணாடியே வேண்டாம். கழுவிய பிளாஸ்டிக் சோடாப் போத்தலில், மேலே நாலு விரல் இடம் விட்டு ஊற்றுங்கள். சில மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கையால் அமுக்கிப் பாருங்கள். கல்லுப்போல இறுகினவுடன் பிரிட்ஜுக்குள் வைத்து, இரண்டு மூன்று நாளில் குடித்து முடியுங்கள். குளிரில் ஈஸ்ட் அடங்கியிருக்கும், சாகாது. கரண்ட் நீண்ட நேரம் போனால் மூடியைத் திறந்து வாயுவை விட்டுவிடுங்கள்.

அடியில் வெள்ளையாக ஏதோ படிகிறது. பழுதாகிவிட்டதா?

இல்லை, அது இஞ்சி மா. பிழிந்த சாற்றை அரை மணித்தியாலம் அசையாமல் வைத்தால் கீழே படியும். மேலே இருக்கும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். படியவிடாமல் சூடாக்கினால் மா வெந்து பாகு கொழகொழவென்று ஆகிவிடும்.

நிலாவெளியில் சின்ன விடுதி வைத்திருக்கிறோம். சிட்ரிக் அசிட்டுக்குப் பதிலாகத் தேசிக்காய் விட்டு, பாகை மொத்தமாகச் செய்து வைக்கலாமா?

தேசிக்காயைப் பாகில் விட வேண்டாம், நின்றால் கசக்கும். ஊற்றும் நேரத்தில் குவளையில் பிழியுங்கள், வாசமும் புதிதாக இருக்கும். பாகைக் கொதிநீரில் கழுவிய போத்தலில் ஊற்றிப் பிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரத்துக்குப் பிரச்சினை இல்லை. தண்ணீரும் முக்கியம்: கடலோரக் கிணறு உவர்த்தால் பாகு கெட்டுவிடும். குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டால் குளோரின் வாசம் போகும்.

அண்ணா கனடாவில் இருக்கிறார். தனக்குப் பிடித்த ஐபிஏ என்ற கசப்புக் கூடின பியரை, மோல்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைவிட்ட பார்லியின் சாரம்) வாங்கி வீட்டில் காய்ச்சுகிறாராம். அதையும் இங்கே செய்யலாமா?

இங்கே வேண்டாம். மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் பியர் காய்ச்சுவது குற்றம். கனடாவில் சொந்தப் பாவனைக்குக் காய்ச்சலாம். அவருக்கு ஒரு குறிப்பு சொல்லுங்கள்: 19 லீற்றருக்கு உலர் மோல்ட் எக்ஸ்ட்ராக்ட் 3 கிலோ போட்டால் ஆரம்ப அடர்த்தி (நொதிக்க முன், தண்ணீரை 1 என்று வைத்துப் பார்ப்பது) 1.058 அளவில் வரும், அது ஐபிஏவுக்குச் சரி. பியருக்குக் கசப்பும் வாசமும் தரும் ஹொப்ஸ் பூவைப் பிரித்துப் போட வேண்டும். முதலிலிருந்து ஒரு மணித்தியாலம் கொதிப்பது கசப்புத் தரும், கடைசியிலும் ஆறியபிறகும் போடுவது வாசம் தரும். சக்கையும் சாறும் போலத்தான். பிரூடாக் என்ற பியர்க் கம்பனி 2016இல் தன் பியர்களின் செய்முறைகளை வீட்டில் காய்ச்சுவோருக்காக வெளியிட்டது. அதில் ஒன்றிலிருந்து தொடங்கினால் ஊகிக்கும் வேலை குறையும்.

சந்தையில் எந்த இஞ்சி வாங்குவது?

நாட்டு இஞ்சி. சின்னக் கிழங்கு, நார் கூட, உரிப்பதும் கரைச்சல், ஆனால் வாசமும் காரமும் அதில்தான். சீன இஞ்சி பெரிதாக, பார்க்க வடிவாக இருக்கும். அதைத்தான் வாங்க முடிந்தது என்றால் 250க்குப் பதிலாக 350 கிராம் எடுங்கள். விலை ஏறிய நாட்களில் பச்சை இஞ்சியைக் குறைத்துச் சுக்கைக் கொஞ்சம் கூட்டலாம். வாசம் குறையும், எரிவு குறையாது.