சனிக்கிழமை காலைல யூனிஸ்ல இருங்க: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

ஆபீஸ் வேலையா ஆறு மாசத்துக்கு ஹூஸ்டன் வந்திருக்கேன். போன வருஷம் லூசியானா போனேன்னு ஒரு வரி எழுதியிருந்தீங்க, அதுல நியூ ஆர்லியன்ஸ் பத்தி ஒண்ணுமே இல்ல, கேஜன்னு பிரெஞ்சு வம்சத்துக்காரங்க இருக்கற ஊர்கள்னு மட்டும் இருந்துச்சு. எனக்கு ஒரே ஒரு சனிக்கிழமைதான் ஃப்ரீ. ரூம்மேட்ஸ் யாரும் வரல, "அங்க சேறும் முதலையும் தவிர என்ன இருக்கு, அதுவும் தனியா"ன்னு கேக்கறாங்க. ஒரு பொண்ணு தனியா கார் எடுத்துட்டு போற அளவுக்கு அங்க என்னக்கா இருக்கு? கோழி, மீன் சாப்பிடுவேன், பன்றிக்கறி சாப்பிட மாட்டேன்.

ஒரு வாசகி, ஹூஸ்டன்

அன்புள்ள வாசகிக்கு,

போங்கம்மா, கண்டிப்பா போங்க. நாலு பேரா போனா நமக்குள்ளயே பேசிச் சிரிச்சுட்டு திரும்பி வந்துடுவோம், தனியா ஒருத்தி உட்கார்ந்திருந்தா அந்த ஊர்க்காரங்க தானா பக்கத்துல வந்து உட்கார்ந்து எந்த ஊரு, சாப்டாச்சா, யாரைப் பார்க்க வந்தேன்னு ஆரம்பிச்சுடுவாங்க. எனக்கு அப்படித்தான் நடந்துச்சு, அதனாலதான் தனியா போறதுதான் அந்த ஊருக்கு சரின்னு இவ்வளவு உறுதியா சொல்றேன்.

சனிக்கிழமைங்கறது உங்க அதிர்ஷ்டம். விடியறதுக்கு முன்னாடி கிளம்பி ஐ-10ல கிழக்கால மூணு மணி நேரம் ஓட்டுனா க்ரௌலி வரும், அங்க ஹைவேய விட்டு இறங்கி வடக்கால யூனிஸ் போற ரோட்ல திரும்புங்க. ரெண்டு பக்கமும் தட்டையா வயல், பூரா நெல் வயல். ஆனா மார்ச், ஏப்ரல்ல போனா நெல் இருக்காது, தண்ணி மட்டும் கட்டி நிக்கும், தண்ணிக்கு மேல கம்பிக்கூண்டோட தலை வரிசை வரிசையா தெரியும். நெல் அறுத்த வயல்ல மறுபடி தண்ணி கட்டி கிராஃபிஷ் வளர்க்கறாங்க, நம்ம சிங்கி இறாலோட குட்டி மாதிரி ஒரு ஐட்டம். நான் காரை ஓரமா நிறுத்திட்டு ஒரு கால் மணி நேரம் பார்த்துட்டே நின்னேன். ஒரு ஆள் தட்டையான அலுமினிய படகுல நின்னுக்கிட்டு கூண்டைத் தூக்கறார், கொட்டறார், புது இரை போட்டு வைக்கறார், படகு நிக்கறதே இல்ல. படகுக்குப் பின்னாடி ஒரு இரும்புச் சக்கரம் தரையை உந்தித் தள்ளுது. வயல் முடிஞ்சதும் படகு அப்படியே வரப்பு மேல ஏறி அந்தப் பக்கம் அடுத்த வயல்ல இறங்குச்சு பாருங்க, படகு வரப்பு ஏறி நான் அன்னைக்குத்தான் பார்த்தேன்.

யூனிஸ்ல சவாய் மியூசிக் சென்டர்னு ஒரு கடை இருக்கு. மார்க் சவாய்னு அக்கார்டியன் செய்யறவர் 1966ல ஆரம்பிச்ச கடை. சனிக்கிழமை காலைல யார் வேணும்னாலும் வாத்தியத்தோட வந்து உட்கார்ந்து வாசிக்கலாம், டிக்கெட் கிடையாது, மேடை கிடையாது (கிளம்பறதுக்கு முந்தின நாள் ஒரு போன் போட்டு அந்த வாரம் உண்டான்னு கேட்டுக்குங்க). நான் போனப்ப அஞ்சாறு வயலின், ரெண்டு கிட்டார், நடுவுல பத்து பட்டன் வச்ச ஒரு சின்ன அக்கார்டியன். டிரையாங்கிள் மட்டும் ஒரு நேரத்துல ஒருத்தர்தான் வாசிக்கணும்னு கட்டுப்பாடு, அந்தக் காலத்துல வைக்கோல் வாரற இரும்புப் பல்லை வளைச்சு செஞ்சதுதான் அந்த டிரையாங்கிள், சத்தம் காதைப் பிளக்கும். பாட்டு பூரா பிரெஞ்சு.

அந்த பிரெஞ்சு எப்படி அங்க வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு போனா பாட்டு வேற மாதிரி கேட்கும். இன்னைக்கு கனடாவுல நோவா ஸ்கோஷியான்னு சொல்ற இடம், அன்னைக்கு அகாடி. அங்க விவசாயம் பண்ணிட்டிருந்த பிரெஞ்சுக்காரங்கள, இங்கிலாந்து ராஜாவுக்கு நிபந்தனையில்லாம விசுவாசப் பிரமாணம் எடுக்கலைன்னு, 1755ல இருந்து கப்பல்ல ஏத்தி விரட்டிவிட்டாங்க, 10,000 பேருக்கு மேல, வீட்டை எரிச்சு, குடும்பத்தைப் பிரிச்சு. 1765ல ஜோசப் புரூசார்ங்கறவர் கூட்டிட்டு வந்த கூட்டம் லூசியானா சதுப்புல வந்து ஒதுங்குச்சு, 1785ல பிரான்ஸ்ல இருந்து ஏழு கப்பல்ல இன்னும் 1,600 பேர் கிட்ட வந்தாங்க. அகாடியன்ங்கற பேர்தான் வாய்ல தேய்ஞ்சு கேஜன் ஆச்சு. அவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்த பாஷை 1921 வரைக்கும் தாக்குப்பிடிச்சுச்சு, அந்த வருஷம் வந்த மாநில அரசியல் சட்டம் பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் மட்டும்தான்னு சொல்லிடுச்சு.

என் பக்கத்துல எழுபது வயசு தாண்டின ஒரு அம்மா. அவங்க அப்பா ஸ்கூலுக்குப் போன முதல் நாள் ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாதாம், ஒண்ணுக்கு வருதுன்னு எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம உட்கார்ந்த இடத்துலயே நனைச்சுட்டாராம், பிரெஞ்சுல கேட்டிருந்தா அடி. அவர் வளர்ந்து தன் பிள்ளைங்ககிட்ட பிரெஞ்சு பேசவே இல்ல, பாடறது மட்டும் பிரெஞ்சுலயே பாடுவாராம். "எனக்கு பாட்டெல்லாம் மனப்பாடம், அர்த்தம் பாதிதான் தெரியும்"னாங்க. அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கல, எதிர்ல வயலின் வாசிக்கற பையனோட விரலையே பார்த்துட்டிருந்தாங்க. அந்தப் பையனுக்கு இருபது வயசு கூட இருக்காது, ஸ்கூல்லயே பிரெஞ்சு படிச்சவனாம். 1968ல மாநில அரசே ஒரு அமைப்பு வச்சு பிரெஞ்சைத் திரும்பக் கொண்டுவர ஆரம்பிச்சதோட பலன் அது, நடுவுல ரெண்டு தலைமுறை போனது போனதுதான்.

இந்த இசை வெள்ளைக்காரங்களோடது மட்டும்னு நினைச்சுடாதீங்க. அமேடி ஆர்டுவான்னு ஒரு கறுப்பின அக்கார்டியன்காரர், 1929ல டென்னிஸ் மெக்கீங்கற வெள்ளைக்கார வயலின்காரரோட சேர்ந்து ரெக்கார்டு போட்டார், இன்னைக்கு கேஜன்காரங்க வாசிக்கறதுல பாதி அவர்கிட்ட இருந்து வந்ததுன்னே நான் சொல்வேன். ஒரு டான்ஸ் நிகழ்ச்சில வெள்ளைக்காரப் பொண்ணு கொடுத்த கைக்குட்டைல முகம் துடைச்சார்னு அவரை அடிச்சுப் போட்டாங்கன்னு அந்த ஊர்ல சொல்லுவாங்க, 1942ல மனநல ஆஸ்பத்திரில செத்துப்போனார். போறதுக்கு முன்னாடி அவர் குரலை ஒரு தடவை கேட்டுட்டு போங்க.

மத்தியான சாப்பாட்டுக்கு பூடான்னு எல்லாரும் சொல்வாங்க, அரிசியும் பன்றிக்கறியும் அடைச்சது, உங்களுக்கு வேண்டாம். கம்போங்கற குழம்புலயும் பல கடைல பன்றி சாசேஜ் போடுவாங்க, கேட்டுட்டு வாங்குங்க. கிராஃபிஷ் எட்டுஃபே கேளுங்க, வெங்காயம், குடமிளகா, செலரி வதக்கி கிராஃபிஷைப் போட்டு வெண்ணெய் மிதக்க சோத்து மேல ஊத்தித் தருவாங்க, நமக்கு நல்லாவே இறங்கும். அதுலயும் வேற கறி எதும் சேர்ந்திருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

சாப்பிட்டு தெற்கால செயின்ட் மார்ட்டின்வில், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும், ரொம்ப லேட் பண்ணாதீங்க, மூடிடுவாங்க. அகாடியன் மெமோரியல்ல வந்து சேர்ந்தவங்க பேரை வெண்கலத்துல பொறிச்சு வச்சிருக்காங்க, 3,000 பேர் கிட்ட. புரூசார், லாண்ட்ரி, எபேர், திபோடோ... காலைல யூனிஸ்ல கைகுலுக்குனவங்க பேரே சுவத்துல இருக்கும். எவாஞ்சலின் மரம்னு பக்கத்துல ஒரு ஓக் மரத்தடில எல்லாரும் போட்டோ எடுப்பாங்க, எவாஞ்சலின் அகாடியன்காரங்களைப் பத்தி 1847ல வந்த ஒரு கவிதையோட நாயகி, நிஜ ஆள் இல்ல, எனக்கு அந்தச் சுவர் போதும்.

வெயில் சாய்ஞ்சதும் பக்கத்துல லேக் மார்ட்டின். சைப்ரஸ் மரம் தண்ணிக்குள்ளயே நிக்கும், வேடந்தாங்கல்ல வெள்ளையா பார்க்கற கரண்டிவாயன் இங்க ரோஸ் கலர். முதலை கரையோரமாவே கிடக்கும், அதனால தண்ணிகிட்ட குனியாதீங்க, ரோட்டு மேல நின்னே எல்லாம் தெரியும். இருட்டறதுக்குள்ள கிளம்பிடுங்க, ஹூஸ்டனுக்கு மூணரை, நாலு மணி நேரம் ஆகும், பெட்ரோலை பக்கத்து ஊர் ப்ரோ பிரிட்ஜ்லயே போட்டுக்குங்க.

இன்னொண்ணு, யூனிஸ் கடைக்கு வர்றவங்க ஏதாவது தின்பண்டம் கொண்டுவந்து மேஜைல வைப்பாங்க. நான் ஒரு பாக்கெட் முறுக்கு வச்சேன், அரிசி மாவுன்னு சொன்னதும் அந்த அம்மா ரெண்டை எடுத்து பேப்பர் நாப்கின்ல சுத்தி வீட்டுக்குன்னு பைக்குள்ள வச்சுக்கிட்டாங்க. நீங்க ரெண்டு பாக்கெட்டா எடுத்துட்டுப் போங்க.

அன்புடன்,
அக்கா