இருவருக்கும் ஒரே கயாக் வாங்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் உப்புவெளியிலிருந்து ஆளுக்கொரு கயாக்கில் கடலுக்குப் போவோம். கால்களை உள்ளே நீட்டி அமரும் வகை. போன மாதம் சுவாமி மலைக்குக் கீழே ஒட்டினாற்போல் போகையில் அவருடைய கயாக் மோதி நான் கவிழ்ந்துவிட்டேன். எவ்வளவு முயன்றும் திரும்ப ஏற முடியவில்லை. மீன்பிடிப் படகில் வந்தவர்கள்தான் தூக்கிவிட்டார்கள். இனி இருவர் அமரும் ஒரே கயாக் வாங்குவது பாதுகாப்பா?
- வாசகி, திருகோணமலை

பதில்: வாங்க வேண்டாம், சகோதரி. இருவர் கயாக் லேசில் கவிழாது, உண்மைதான். ஆனால் கவிழ்ந்தால் இருவருமே தண்ணீரில், பிடித்துத்தர ஆளிருக்காது. இரண்டு கயாக்கில் போனால் ஒருவராவது மேலே இருப்பார். உங்களிடம் குறைவது மீட்கும் பழக்கம் மட்டும்தான்.

முதலில் இடம். அந்தச் செங்குத்துப் பாறையில் முட்டித் திரும்பும் அலை, வரும் அலையோடு சேர்ந்து கூம்பாக எழும்பும். எந்தப் பக்கமிருந்து தள்ளும் என்றே தெரியாது. கடல் கொந்தளிக்கும் நாளில் 200 மீற்றராவது தள்ளிப் போங்கள். இருவருக்கும் நடுவே இரண்டு மூன்று கயாக் நீளம், அதாவது 10 முதல் 15 மீற்றர், இடைவெளி வேண்டும். அலை பின்னாலிருந்து தள்ளும்போது ஒருவர் முன், ஒருவர் பின்னாகப் போகாதீர்கள். பின்னவர் வழுக்கிவந்து முன்னவரை இடிப்பார்.

கவிழ்ந்தால் துடுப்பையும் கயாக்கையும் விடவே கூடாது. காற்றில் வெறுங்கயாக் நீந்துபவரைவிட வேகமாக ஓடும். உங்கள் கயாக்கின் பின்பக்கத்துக்குப் போங்கள். கணவர் தன் கயாக்கைக் குறுக்காகக் கொண்டுவந்து உங்கள் அணியத்தை, அதாவது கயாக்கின் முன்முனையை, பிடிக்கட்டும். நீங்கள் பின்பக்கத்தை அழுத்த, அவர் அணியத்தைத் தூக்கித் தன் மடிக்கு முன்னால் ஏற்ற வேண்டும். தூக்குமுன் சற்றே சரித்தால் உள்ளே காற்றுப் புகும். நேராக இழுத்தால் தண்ணீர் கவ்விக்கொண்டு எழும்பவிடாது. கவிழ்ந்தபடியே தூக்கினால் தண்ணீர் வடிந்துவிடும், ஆனால் இருக்கைக்குப் பின்னே தடுப்புச் சுவர் இருந்தால்தான். உங்களுடையதில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

பிறகு நிமிர்த்தி, அவருடைய அணியம் உங்கள் பின்பக்கம் பார்க்க இரண்டையும் பக்கம் பக்கமாக அணையுங்கள். துடுப்புகளைக் கயாக்கின் மேல்தளத்துக் கயிற்றுக்குள் செருகிவிட்டு, அவர் உங்கள் இருக்கைத் துவாரத்தின் விளிம்பை இரு கைகளாலும் பற்றி, முழு உடற்பாரத்தையும் அதன்மேல் சாய்க்க வேண்டும். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான்: கையால் மட்டும் பிடிப்பார்கள், நீங்கள் ஏறியதும் இரண்டும் விலகிவிடும். நீங்கள் மறுபக்கத்திலிருந்து காலை உதைத்து, பின்தளத்தில் குப்புற ஏறி, முகம் பின்பக்கம் பார்க்கக் கால்களை உள்ளே விட்டு, அவர் பக்கமாகத் திரும்பி அமருங்கள். மிச்சத் தண்ணீரைக் கைப்பம்பால் இறைத்து, இருக்கைத் துவாரத்தை மூடும் மறைப்புத் துணியைப் பூட்டி, "விடுங்கோ" என்று நீங்கள் சொல்லும்வரை அவர் கையெடுக்கக் கூடாது.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, இங்கே தரையிலிருந்து கடலுக்கு வீசும். அதனால் கரையோரம் குளம்போலத் தெரியும், நிலாவெளியிலிருந்து புறாத்தீவுப் பக்கம் போகப் போகத்தான் அலை வளரும். திரும்பும்போது எதிர்க்காற்று. எங்கும் வெண்ணுரை தெரிந்தால் காற்று மணிக்கு 20 கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது, உடனே திரும்புங்கள். விடியற்காலையில் போய் வெயில் ஏறுமுன் வருவது நல்லது. வாடைக்காலத்தில் திறந்த கடல் வேண்டாம்.

அலைச்சத்தத்தில் குரல் கேட்காது. துடுப்பு செங்குத்தாக நின்றால் "வா", கிடையாக உயர்த்தினால் "நில்", இருபக்கமும் ஆட்டினால் "உதவி". உயிர்காப்பு அங்கியில் விசில் கட்டுங்கள்.

உப்புவெளியில் காற்றில்லாத காலையில், நெஞ்சளவு தண்ணீரில் பழகுங்கள். இருவரும் மாறி மாறிக் கவிழ வேண்டும், நாளைக்கு அவரும் விழலாம். யார் விழுந்தாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் ஏற முடிகிறவரை பாறைப்பக்கம் போகாதீர்கள்.