ஹாம் (அமெச்சூர் வானொலி) கேள்வி பதில்: தென்னை, உப்புக்காற்று, ஏரியல்

கொல்லையில் 26 மீட்டர் இடைவெளியில் இரண்டு தென்னை. அவற்றுக்கிடையே 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு டைபோல் (நடுவில் இரண்டாகப் பிரித்துக் கேபிள் இணைத்த கம்பி ஏரியல்) கட்டினேன். காற்றடித்தால் எஸ்.டபிள்யூ.ஆர். (சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு, 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.4-லிருந்து 3 வரை ஆடுகிறது. ஒருமுறை கம்பியே அறுந்துவிட்டது. நீளக் கணக்கு தவறா?
— வாசகர், மன்னார்குடி

நீளம் தவறென்றால் மீட்டர் தவறான இடத்தில் அசையாமல் நிற்கும், ஆடாது. ஆடுவது மட்டையால். டைபோலின் இரு முனைகளில்தான் வோல்டேஜ் உச்சம். அங்கே ஈர மட்டை உரசினால் ரெசனன்ஸ், அதாவது கம்பி ஒத்திசையும் அலைவரிசை, கீழே இறங்கும். மட்டைக்கும் கம்பி முனைக்கும் குறைந்தது ஒன்றரை மீட்டர் கயிறு இருக்கட்டும். உங்கள் 26 மீட்டரில் ஆண்டெனாவுக்கு 20 போக, இரு பக்கமும் மும்மூன்று மீட்டர் மிஞ்சும். மழையே இல்லாமல், மட்டையும் படாமல் ஊசி துள்ளினால் நடு இணைப்பில் சால்டரிங் விட்டிருக்கிறது என்று பொருள்.

அறுந்ததற்குக் காரணம் இறுக்கிக் கட்டியது. தென்னையின் தலை காற்றில் ஒரு மீட்டருக்கு மேல் ஆடும். இரண்டு மரமும் ஒன்றாக ஆடுவதில்லை. ஒரு பக்கம் கயிற்றை மரத்தில் நிலையாகக் கட்டுங்கள். மறுபக்கம் குருத்துக்குக் கீழே துருப்பிடிக்காத கப்பி ஒன்றை மாட்டச் சொல்லுங்கள், மரம் ஏறுபவருக்கு அது பத்து நிமிட வேலை. கப்பி வழியே வரும் கயிற்றின் நுனியில் மணல் நிரப்பிய கேன், மொத்தம் 3 கிலோ போதும். அது ஒன்றரை மீட்டர் ஏறி இறங்க இடம் விடவேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் போட்ட போடு போல வந்தால் மரமே நிற்காது, அது வேறு கணக்கு. வழக்கமான ஐப்பசிக் காற்றுக்கு இது தாங்கும்.

நீளத்துக்கு வருவோம். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1-க்கு 20.1. இது வெற்றுக் கம்பிக்கு. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மி.மீ. பி.வி.சி. வயர் என்றால் இரண்டு மூன்று சதவீதம் குறையும். கையொன்றுக்கு 10.3 மீட்டர் வெட்டி ஏற்றுங்கள். ஊசி எந்த அலைவரிசையில் அடிமட்டத்துக்கு வருகிறதோ அதை இருக்கும் நீளத்தால் பெருக்கி, 7.1-ஆல் வகுங்கள். 20.6 மீட்டருக்கு 6.8-ல் இறங்கினால் வேண்டியது 19.73 மீட்டர். அதாவது பக்கத்துக்கு 43 செ.மீ. கூடுதல். உடனே கத்தரியை எடுக்காதீர்கள். முதலில் 30 செ.மீ. மடித்துத் தன்மேலேயே முறுக்கி ஏற்றிப் பாருங்கள். வெட்டியதை ஒட்டவைப்பது பெரிய தலைவலி.

கோஆக்ஸை (நடுக் கம்பியைச் சுற்றி உலோகப் பின்னல் உள்ள கேபிள்) ஆண்டெனாவின் நடுவில் நேராக ஒட்டியிருந்தால், அதற்குச் சற்றுக் கீழே அந்த ஆர்.ஜி.58 (மெல்லிய ரகக் கோஆக்ஸ்) கேபிளையே 5 மீட்டர் நீளத்துக்கு ஆறு சுற்றுச் சுருட்டி டேப் போடுங்கள். கேபிளின் வெளிப்பின்னலும் ஆண்டெனாவாக மாறி, வீட்டு டி.வி.யில் கோடு போடுவதை இது அடக்கும்.

இரண்டு வருடம் முன்பு ஏற்றிய டைபோல். அப்போது எஸ்.டபிள்யூ.ஆர். 2.5. நான் எதையும் தொடவில்லை, இப்போது 1.3 காட்டுகிறது! ஆனால் சென்னைக்காரர்களுக்குக்கூட என் குரல் கேட்கவில்லையாம்.
— வாசகர், நாகப்பட்டினம்

எஸ்.டபிள்யூ.ஆர். தானாகக் குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். கேபிள் தண்ணீர் குடித்துவிட்டது. சக்தி மேலே போகும்போது பாதிக்கு மேல் சூடாகிக் கரைகிறது, ஆண்டெனாவில் பட்டுத் திரும்பி வரும்போது மீதியிலும் பெரும்பகுதி போகிறது. மீட்டருக்குத் திரும்பி வர அதிகம் மிச்சமில்லாததால் அது "பிரமாதம்" என்கிறது. டம்மி லோடும் (ஆண்டெனாவுக்குப் பதில் மாட்டும், சக்தியைச் சூடாக்கி விழுங்கும் சாதனம்) அப்படித்தான் 1.0 காட்டும்.

சோதிப்பது எளிது. மேல்முனையில் கேபிளை ஆண்டெனாவிலிருந்து கழற்றித் திறந்து விடுங்கள். கீழ்முனையில் நானோ வி.என்.ஏ. (ஆண்டெனா, கேபிள் அளக்கும் சிறு கருவி) மாட்டி 7.1-ல் எஸ்.டபிள்யூ.ஆர். அளவெடுங்கள். ரிக்கால் (ரேடியோப் பெட்டி) டிரான்ஸ்மிட் செய்து பார்க்காதீர்கள், அதன் ஃபைனல் (சக்தியை வெளியே தள்ளும் கடைசி டிரான்சிஸ்டர்) போய்விடும். 20 மீட்டர் நல்ல ஆர்.ஜி.58 என்றால் 10-க்கு மேல் காட்டவேண்டும். 3 காட்டினால் ஒருவழி இழப்பே 3 டெசிபெல், பாதி சக்தி கேபிளிலேயே போகிறது. பிறகு மேல்முனையில் உறையை ஒரு சாண் கிழித்துப் பாருங்கள். செம்புப்பின்னல் பளபளப்பாக இருக்காது, கருத்து, இடையிடையே பச்சை பூத்து, தொட்டால் மாவாக உதிரும். கருத்த இடம் வரை வெட்டுவதில் பயனில்லை. ஈரம் பின்னல் வழியே திரியில் எண்ணெய் ஏறுவது போல ஊர்ந்திருக்கும். முழுக் கேபிளையும் மாற்றுங்கள்.

புதியதைப் போடும்போது முதலில் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் பி.வி.சி. டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். ஓட்டுக்கு மேல் ஓடு அடுக்குவது போல அமைந்தால் நீர் வழிந்துபோகும். வீட்டுக்குள் நுழையுமிடத்தில் கேபிளைத் தொங்கலாக வளைத்து விடுங்கள், சொட்டு வெளியிலேயே விழும்.

ஒண்டுக்குடித்தனம், மொட்டை மாடியில் ஒரு மூலைதான் கிடைக்கும். 2 மீட்டர் பேண்டுக்கு (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) என்ன செய்யலாம்? ரிக் வரை 20 மீட்டர் கேபிள் தேவை.
— வாசகர், கும்பகோணம்

கிரவுண்ட் பிளேன் ஆண்டெனா: நிமிர்ந்த ஒரு கம்பி, அடியில் விரியும் நான்கு கம்பி. பேனலில் பொருத்தும் எஸ்.ஓ.239 சாக்கெட் (கேபிள் மாட்டுவதற்கு), எர்த்துக்கு விற்கும் செம்புக் கம்பி மூன்று மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். நடு ஊசியில் 49 செ.மீ. நிமிர்ந்து நிற்கட்டும். நான்கு மூலைத் துளைகளிலும் 52 செ.மீ. கம்பிகளை 45 டிகிரி கீழ்நோக்கி வளையுங்கள். வளைத்தால்தான் இம்பிடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான எதிர்ப்பு) ரிக்குக்கு வேண்டிய 50 ஓமுக்கு வரும், மட்டமாக விட்டால் வெகு கீழே நிற்கும்.

உங்கள் பிரச்சினை கேபிள். 145 மெகாஹெர்ட்ஸில் 20 மீட்டர் ஆர்.ஜி.58 சுமார் 4 டெசிபெல் விழுங்கும். 5 வாட் கையடக்க ரிக்கில் மாடிக்குப் போய்ச் சேருவது 2 வாட். தடித்த ஆர்.ஜி.213 என்றால் 3.3 வாட், ஆனால் விலை. டிஷ் டி.வி.க்குப் போடும் ஆர்.ஜி.6 எல்லாத் தெருவிலும் கிடைக்கிறது, இழப்பும் குறைவு. 75 ஓம் என்பதால் எஸ்.டபிள்யூ.ஆர். 2 வரை காட்டலாம், காட்டட்டும். அதன் பின்னல் அலுமினியம், ஈயம் ஒட்டாது. எஃப் கனெக்டரைக் கிரிம்ப் செய்து அடாப்டர் போடுங்கள்.

வயலில் தண்ணீர் நிற்கும்போது வெர்டிகல் (நிமிர்த்திய ஆண்டெனா) நன்றாக வேலை செய்யும் என்கிறார்களே?
— வாசகர், வேதாரண்யம்

நன்னீரால் அல்ல, அதன் கீழிருக்கும் வண்டலால். நன்னீர் சுமாரான கடத்தி. உங்களூர் உப்பளமோ கடல்நீருக்குச் சமானம், வயல் மண்ணைவிடச் சில நூறு மடங்கு கடத்தும். அலை தாழ்கோணத்தில் கிளம்பும். 7.1-க்கு 10 மீட்டர் நிமிர்ந்த கம்பி, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் எதிரெதிராக இரண்டு 10 மீட்டர் ரேடியல் (அடியில் விரிக்கும் கம்பி). கடல் கடந்த நாடுகளுக்கு அருமை. ஆனால் வெர்டிகல் தலைக்கு மேலே எதையும் அனுப்பாது, அதனால் பகலில் தஞ்சாவூரோடும் மதுரையோடும் பேச உதவாது. அதற்கு 7, 8 மீட்டர் உயரத்தில் தாழக் கட்டிய டைபோல்தான்.

சாயங்காலம் ஆறு மணி ஆனால் ரிக்கின் மீட்டரில் எஸ்9 (வலுவான சிக்னல் அளவு) இரைச்சல். ஆண்டெனாவை மாற்றவேண்டுமா?
— வாசகர், திருவாரூர்

வேண்டாம். ரிக்கை 12 வோல்ட் பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டு மெயினை அணையுங்கள். இன்வெர்டர் இருந்தால் அதையும் தனியாக அணைக்கவேண்டும், மறந்துவிடுவார்கள். இரைச்சல் விழுந்தால் ஃபியூஸ்களைக் கழற்றிவிட்டு மெயினைப் போட்டு, அவற்றை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வாருங்கள். பெரும்பாலும் மலிவு எல்.இ.டி. பல்போ சார்ஜரோதான் மாட்டும். விழாவிட்டால் வெளியிலிருந்து வருகிறது. கையடக்க ஏ.எம். ரேடியோவை ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்துத் தெருவில் நடந்து பாருங்கள், எந்தக் கம்பத்தருகே கரகரப்பு ஏறுகிறதோ அதன் எண்ணைக் குறித்து மின்வாரியத்துக்கு எழுதுங்கள். கம்பத்தைத் தொடவோ தட்டவோ கூடாது.