கடனா, ஓய்வூதியமா?

கேள்வி: வயது 45. சுன்னாகத்தில் சொந்தக் கடை. சேமலாப நிதி கிடையாது. வீட்டுக்கடன் 20 இலட்சம், 12% வட்டி, 10 வருடம் மிச்சம். மாதம் 10,000 ரூபாய் மிஞ்சுகிறது. கடனைக் கூட்டிக் கட்டவா, ஓய்வூதியத் திட்டத்தில் சேரவா?

பதில்: கடனுக்கே கட்டுங்கள். தவணை இப்போது சுமார் 28,700 ரூபாய் வரும். 10,000 கூட்டினால் 6 வருடம் 2 மாதத்தில் முடியும், வட்டியில் 6 இலட்சம் மிச்சம். ஆனால் காசை வெறுமனே கவுண்டரில் கட்டினால் வங்கியில் அதை அடுத்த தவணைக்கென்று வரவு வைத்துவிடக்கூடும். ‘முதற்பணத்தில் கழித்து, காலத்தைக் குறைக்கவும்’ என்று (முதற்பணம் என்றால் வட்டி சேராத கடன் தொகை) கடிதம் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள். முன்கூட்டிக் கட்டினால் தண்டம் உண்டா என்றும் ஒப்பந்தத்தில் பாருங்கள். மூன்று மாதச் செலவுக் காசு கையில் இல்லையென்றால் முதலில் அதைச் சேர்த்து வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு நோய் வருத்தம் வந்தாலே நகை அடகுக்குப் போய்விடும். கடன் முடிந்த மாதமே 38,700 ரூபாயும் ஓய்வூதியத்துக்குப் போகட்டும்.