டூஸ்ட்ரிங்கை ஏன் இம்போர்ட் செய்ய முடியவில்லை?

வணக்கம். ஜாவாவில் இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் கணக்கிடும் வரியில் 'மேத்' என்று மூன்று முறை எழுத வேண்டியிருந்தது. கிளாஸ் பெயரை எழுதாமலே அதன் ஸ்டாட்டிக் மெத்தட்களை அழைக்க உதவும் ஸ்டாட்டிக் இம்போர்ட்டில், எல்லாப் பெயர்களையும் கொண்டுவரும் ஸ்டார் போட்டேன், வரி சுருங்கிவிட்டது. அதேபோல, அரேயை எழுத்தாக மாற்றித் தரும் 'அரேஸ்' கிளாஸின் டூஸ்ட்ரிங்கையும் இம்போர்ட் செய்து, ஒரு அரேயைக் கொடுத்து அழைத்தேன். கம்பைல் ஆகவில்லை. எங்கே தவறு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் இம்போர்ட் வரி சரிதான். ஆனால் எல்லா கிளாஸும் 'ஆப்ஜெக்ட்' கிளாஸின் வாரிசு என்பதால், டூஸ்ட்ரிங் என்ற பெயர் உங்கள் கிளாஸுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. கம்பைலர் முதலில் தேடுவது பெயரை. அது உள்ளேயே கிடைத்துவிட்டால் இம்போர்ட் பக்கமே போகாது. அடைப்புக்குறிக்குள் கொடுத்த ஆர்கியுமென்ட் பொருந்துகிறதா என்று அதன் பிறகுதான் பார்க்கும். உள்ளே இருக்கும் டூஸ்ட்ரிங்கோ ஆர்கியுமென்ட் எதுவும் வாங்காது. 'ஆப்ஜெக்ட்ஸ்' கிளாஸின் ஈக்குவல்ஸ், ஹேஷ்கோட் இரண்டுக்கும் இதே கதிதான். 'ஆப்ஜெக்ட்' கிளாஸில் அந்தப் பெயர் இல்லாததால் ஹேஷ் மட்டும் தப்பிக்கும். இந்த இடங்களில் கிளாஸ் பெயரோடு எழுதுவதே வழி.

இதே விதி உங்கள் 'மேத்' ஸ்டார் இம்போர்ட்டையும் பின்னால் பாதிக்கலாம். மூன்று எண்களில் பெரியதைத் தர, அந்த கிளாஸில் நீங்களே 'மேக்ஸ்' என்று ஒரு மெத்தட் எழுதினால் போதும், இம்போர்ட்டை நம்பி அங்கே ஓடிக்கொண்டிருந்த இரண்டு எண் மேக்ஸ் அழைப்புகள் எல்லாம் பிழை காட்டும்.

ஸ்டாரைத் தவிர்த்து, வேண்டிய பெயரை மட்டும் இம்போர்ட் செய்யுங்கள். 'இன்டிஜர்', 'லாங்' இரண்டுக்கும் ஸ்டார் போட்டால் இம்போர்ட் வரியில் ஒரு முணுமுணுப்பும் வராது. இரண்டிலும் இருக்கும் மேக்ஸ்_வேல்யூவைப் பயன்படுத்தும்போதுதான் எது என்று தெரியவில்லை என கம்பைலர் நிற்கும்.

2004-இல் ஜாவா 5-ல் ஸ்டாட்டிக் இம்போர்ட் வசதி வந்தது. அதற்கு முன், மாறிலிகளை ஓர் இன்டர்ஃபேஸில் போட்டு, பெயரைச் சுருக்குவதற்காகவே அதை இம்ப்ளிமென்ட் செய்தார்கள். அந்த மாறிலிகள் கிளாஸின் வெளிமுகத்தில் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டன. அந்தக் கெட்ட பழக்கத்துக்கு இது நல்ல மாற்று. கிளாஸ் பெயரோடு எழுதினாலும் இம்போர்ட் செய்தாலும் வேகத்தில் வித்தியாசமில்லை, கம்பைலர் உருவாக்கும் பைட்கோடு ஒன்றே.

டெஸ்ட் கோடில் அசர்ட்ஈக்குவல்ஸ், ஸ்ட்ரீமில் குரூப்பிங்பை போன்றவற்றைத் தயங்காமல் இம்போர்ட் செய்யலாம். தனியாக நின்றாலும் பொருள் விளங்கும். தேதி, நேர கிளாஸ்களில் வரும் 'ஆஃப்', 'நவ்' அப்படியல்ல. வெறும் 'நவ்' என்றால் தேதியா, நேரமா? அங்கே கிளாஸ் பெயர் இருக்கட்டும்.

தூரக் கணக்குக்கு வர்க்கமும் வர்க்கமூலமும் வேண்டாம். மேத் கிளாஸின் 'ஹைபாட்' மெத்தடுக்கு இரு புள்ளிகளின் எக்ஸ், ஒய் வித்தியாசங்கள் இரண்டையும் கொடுங்கள். மிகப் பெரிய எண்களிலும் இடைக்கணக்கு வரம்பு மீறாது. 'மேத்' ஒரே முறைதான் வரும், இம்போர்ட்டே தேவைப்படாது.